மூன்று மைக்கும் ஒரு கரகரப்பும்

ஃப்ளோராவைப் பெண் பார்க்க வந்த அன்று பென்னி ஒரு டீயைக் குடித்து முடிப்பதற்குள் சரி என்று சொல்லிவிட்டான். அவள் பாடுவதற்கு ஒரு மைக் பார்க்கத் தொடங்கி மூன்று மாதமாகியும் அவனால் சரி சொல்ல முடியவில்லை. இதை அவள் ராயபுரத்தில் தெரிந்தவர் எல்லாரிடமும் சொல்லிவிட்டாள். என்னையும் இப்படி மூன்று மாதம் பார்த்திருந்தால் தப்பித்திருப்பேன் என்று ஒரு வரியும் சேர்த்துக்கொள்வாள்.

பென்னி துறைமுகத்தில் கிரேன் எலெக்ட்ரீஷியன். ஞாயிற்றுக்கிழமைகளில் மாதா கோயில் மைக் செட்டும் அவன் பொறுப்பு. ஃப்ளோரா அங்கே பாடகர் குழுவில் முதல் குரல். தவக்காலத்தில் மாதாவுக்காக அவள் பாடும் புலம்பலைக் கேட்க, வருஷம் முழுக்கக் கோயில் பக்கம் தலைகாட்டாதவர்கள்கூட வந்து பின்னால் நிற்பார்கள். பதினெட்டு வருஷமாக அவள் முன்னால் நின்று பாடுகிறாள், இவன் ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கிறான்.

அவள் கழுத்தில் தைராய்டு கட்டி. ஆபரேஷனுக்கு மூன்று மாதம் தள்ளித்தான் தேதி கிடைத்தது. குரலுக்குப் போகிற நரம்பு கட்டியை ஒட்டியே ஓடுகிறது, பெரும்பாலும் ஒன்றும் ஆகாது, சிலருக்கு மேல்ஸ்தாயி எட்டாமல் போகலாம் என்றார் டாக்டர். 'பெரும்பாலும்' ஃப்ளோராவின் காதில் விழுந்தது. 'சிலருக்கு' பென்னியின் காதில் விழுந்தது. அன்று சாயந்திரமே உள் அறையில் ஸ்டுடியோ போடப்போவதாக அறிவித்தான். ஆபரேஷனுக்கு முன்னால் அவள் குரலைப் பிடித்து வைத்துவிட வேண்டும் என்பதுதான் விஷயம். ஆனால் ரிட்டையர் ஆன பிறகு கைவசம் ஒரு தொழில் இருக்கட்டுமே என்று சொல்லி வைத்தான்.

அறை ஒரு வாரத்தில் தயாராகிவிட்டது. சுவரெல்லாம் பழைய மெத்தையும் கம்பளியும் தொங்கின. ஜன்னலை அடைத்து லாரி ஹாரனைப் பாதியாக்கினான். அதற்குப் பிறகுதான் பேஜாரு ஆரம்பித்தது. எந்த மைக், எந்த ப்ரீஆம்ப்? மைக்கிலிருந்து வருகிற பொடிச் சத்தத்தைக் கம்ப்யூட்டருக்குள் போவதற்கு முன் தூக்கிக் கொடுக்கிற பெட்டிதான் ப்ரீஆம்ப். அதில் வால்வு வைத்தது ஒரு ஜாதி, வைக்காதது ஒரு ஜாதி. வால்வு வைத்தால் சத்தம் கதகதப்பாக இருக்கும் என்று யாரோ ஒரு வெள்ளைக்காரர் யூடியூபில் சொன்னாராம். மே மாதத்தில் ஜன்னலையும் அடைத்துவிட்டு இன்னும் கதகதப்பு வேண்டுமா என்று கேட்டாள் ஃப்ளோரா.

டோல்கேட்டில் சவுண்டு சர்வீஸ் வைத்திருக்கும் மஜீது, பென்னிக்குப் பழைய தோஸ்து. மூன்று மாதத்தில் பத்துப் பன்னிரண்டு மைக்காவது அவன் கடையிலிருந்து வாடகைக்கு வந்து போயிருக்கும். பென்னி ஒவ்வொன்றிலும் ஒரு குறை கண்டுபிடித்தான். கடைசியாக, ஆபரேஷனுக்கு முந்தின வெள்ளிக்கிழமை, மஜீது மூன்று மைக்கையும் இரண்டு ப்ரீஆம்பையும் ஆட்டோவில் போட்டுக்கொண்டு தானே வந்து இறக்கினான். அதில் பெரியது ஒரு கண்டன்சர் மைக். பக்கத்து வீட்டுக் கொசுவைக்கூடக் கேட்டுவிடும் என்றான். திங்கட்கிழமை காலை எல்லாம் திரும்ப வேண்டும், அதே காலையில்தான் ஃப்ளோரா ஆஸ்பத்திரியில் சேர வேண்டும்.

சனிக்கிழமை முழுக்கச் சோதனை. பென்னி ஒன், டூ, த்ரீ சொல்லச் சொன்னான். அவளுக்கு அலுத்துப்போய், வஞ்சிரம், சங்கரா, நெத்திலி என்று மீன் பெயராகச் சொல்லத் தொடங்கினாள். பிறகு புலம்பலின் முதல் இரண்டு அடி. ஒவ்வொரு முறையும் இரண்டாம் அடியில் பென்னியின் கை பொத்தானுக்குப் போய்விடும். சத்தத்தில் ஒரு கரகரப்பு இருக்கிறது என்பான். கேபிளை மாற்றினான், ப்ரீஆம்பை மாற்றினான், ஃபேனை நிறுத்தினான், ஃபிரிட்ஜை நிறுத்தினான். ஃபிரிட்ஜில் இருந்த மீன் குழம்புதான் கெட்டது, கரகரப்பு போகவில்லை. அதிலும் வேடிக்கை, மைக் நல்ல மைக்காக ஆக ஆகக் கரகரப்பு கூடியது.

மஜீதுக்குப் போன் போட்டு மைக் டொக்கு என்றான். வியாபாரக்காரனுக்கு ரோஷம் வந்துவிட்டது. வந்து, தானே கண்டன்சர் முன்னால் உட்கார்ந்து பழைய பாட்டு ஒன்றை இரண்டு நிமிஷம் கொலை செய்தான். கரகரப்பு இல்லை. பாட்டு கலீஜாக இருந்ததே தவிர, சத்தம் கண்ணாடி மாதிரி இருந்தது. இது ஆம்பளைக் குரலுக்கு மட்டும் ஒத்துப்போகிற மைக் என்று தீர்ப்புச் சொன்னான் பென்னி. மஜீது ஃப்ளோராவைப் பார்த்தான். ஃப்ளோரா தரையைப் பார்த்தாள். அவன் டீகூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் அவள் புடவைகூட மாற்றவில்லை. பென்னியை ஹெட்போனோடு சுவரைப் பார்த்து உட்காரச் சொன்னாள். மைக்கைத் தானே மாற்றிக்கொள்வதாகவும், அவன் திரும்பாமல் பிடித்த நம்பரைச் சொன்னால் போதும் என்றும் சொன்னாள். எந்த ஸ்விட்சை அணைத்துவிட்டு எந்த வயரைப் பிடுங்க வேண்டும் என்பது மூன்று மாதத்தில் அவளுக்கும் அத்துப்படி.

ஒன்றாம் நம்பருக்கு உதட்டைப் பிதுக்கினான். இரண்டில் கரகரப்பு. மூன்றில் இன்னும் கரகரப்பு. இருப்பதே மூன்று மைக்தான், இனி ஒன்றும் இல்லை என்று அவன் முதுகு சோர்ந்தபோது நாலாவதாக ஒன்று வந்தது. முதல் அடி, இரண்டாம் அடி, மூன்றாம் அடி. கை பொத்தானுக்குப் போகவில்லை. "இதான். இதான் ஃப்ளோரா. இது இன்னா மைக்கு?" என்று திரும்பினான்.

அவள் கையில் கோயில் மைக் இருந்தது. பல வருஷத்துக்கு முன் திருவிழா நன்கொடையில் வாங்கிய சாதா மைக், வலை நசுங்கிப்போனது. காலையில் கைப்பையில் போட்டுக்கொண்டு வந்திருக்கிறாள். மூன்று மாத ஆராய்ச்சிக்குக் கிடைத்த பட்டம் அது. பென்னி சிரிக்கப் பார்த்தான், வரவில்லை.

"இது மொண்ண மைக்குய்யா, பாதி சத்தத்த முழுங்கிடுது. அதான் உனக்குப் புடிச்சிகீது" என்றாள் ஃப்ளோரா. "கரகரப்பு மைக்குல இல்ல, பென்னி. என் தொண்டையில கீது. ஆறு மாசமா கீது."

மஜீதுக்கு நேற்றே தெரிந்துவிட்டது. பாடகர் குழுவுக்கு ஈஸ்டர் முதலே தெரியும். ஒரு கிரேன் மோட்டாரில் பேரிங் தேய்வதை நூறடி தூரத்தில் நின்று சொல்லிவிடுகிற காது, பக்கத்துத் தலையணையில் கேட்டதற்கு மட்டும் வயர் மேல் பழி போட்டுவிட்டது. கேட்க முடியாதது கேட்டுவிட்டால் மனுஷன் எதைத்தான் கழற்றிப் பார்க்கமாட்டான்.

அவன் ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான். பயமாக இருக்கிறதா என்று அவள் கேட்டாள். இருக்கிறது என்றான். அவளும் தனக்கு இருக்கிறது என்றாள், இந்த மூன்று மாதத்தில் முதல் தடவையாக.

"கொரலு மாறிப்பூச்சுன்னா இன்னா பண்ணுவ?"

பென்னி நெடுநேரம் யோசிக்கவில்லை. டீ குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை. "மாறினதக் கேட்டுகினு கீறேன். வேற இன்னா பண்றது?"

அவள் கோயில் மைக்கைப் பைக்குள் வைத்தாள். பெரிய கண்டன்சரை எடுத்து ஸ்டாண்டில் மாட்டச் சொன்னாள். எந்த ப்ரீஆம்ப் என்று அவன் வாயைத் திறந்தான். அவள் பார்த்த பார்வையில் கைக்கு அகப்பட்டதில் வயரைச் சொருகினான். அவள் கண்ணை மூடிப் பாட ஆரம்பித்தாள். இரண்டாம் அடியில் கரகரப்பு வந்தது. மேலே போகிற இடத்தில் குரல் ஒரு கணம் தடுக்கி, பிடித்துக்கொண்டு ஏறியது. அவன் நிறுத்தவில்லை. ஏழு நிமிஷப் பாட்டு முழுவதும் ஒரே மூச்சில் பதிவானது.

மஜீது பொய் சொல்லவில்லை, அது நல்ல மைக்தான். கடைசி அடிக்குப் பிறகு பென்னி மூக்கை உறிஞ்சியதும் அதில் தெளிவாக விழுந்திருந்தது. அதை மட்டும் வெட்டிவிடலாம், ஒரு நிமிஷ வேலை என்றான். ஃப்ளோரா வெட்ட விடவில்லை.