ஒரு மீட்டர் தள்ளி

சவப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடைவழியில் வந்தவர்களில் முன்னால் இருந்தவருக்கு இடுப்பில் சுருக்கென்று குத்தியது. சுவரோரம் நின்ற சைக்கிளின் கேரியரிலிருந்து குறுக்கே நீட்டிக்கொண்டிருந்த அளவுகோல்தான். நுனியில் சிவப்புத் துணி. இறந்தவருடைய மனைவியின் அண்ணன் பாய்ந்து வந்து அதை ஒடிக்கப் பார்த்தார்.

"அதைத் தொடாதீங்கண்ணே."

அவள்தான் தடுத்தாள். பெட்டி காத்திருக்க, தானே சைக்கிளைத் தள்ளிக்கொண்டுபோய்ப் பின்பக்கம் நிறுத்தினாள்.

தையல்காரரான அவள் புருஷன் துணி அளக்கிற ஒரு மீட்டர் மரக்கோல் அது. மகளைத் தினமும் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போனது அவர்தான். மகள் ஓரமாகத் தன் சின்னச் சைக்கிளில். அவர் வண்டிகள் போகிற பக்கம். பாலத்தில் பஸ்கள் உரசிக்கொண்டு போகும். அதற்குப் பயந்தே தெருவில் வேறு யாரும் பிள்ளைகளைச் சைக்கிளில் அனுப்புவதில்லை. அவர் கேரியரில் ரோட்டுப் பக்கம் நீட்டிக் கோலைக் கட்டினார்.

"பஸ்காரன் மனுஷனுக்கு ஒதுங்க மாட்டான். பெயிண்ட்ல கீறல் விழும்னா ஒதுங்குவான்" என்பார். தெருவே கேலி செய்தது, அவளும் சேர்ந்துதான். நேற்றுக் காலைகூட மகளை விட்டுவிட்டு வந்துதான் தையல் மெஷின்முன் உட்கார்ந்தார். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அதன்மேலேயே சாய்ந்துவிட்டார்.

அடக்கம் முடிந்து வீடு திரும்புவதற்குள் அண்ணன் பள்ளிக்கூட வேனுக்குப் பேசி முடித்திருந்தார். நல்ல மனசுதான். ஆனால் வேன் என்றாலே மகளுக்குக் குமட்டும். முன்பு வேனில் போன நாட்களில் பள்ளிக்கூடமே வேண்டாமென்று அழுதவள், இப்போது அழவில்லை. சரி மாமா என்று தலையை ஆட்டினாள். அந்தத் தலையாட்டல்தான் தாய்க்குப் பொறுக்கவில்லை.

ஸ்பேனரை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனாள். அண்ணன் பின்னாலேயே வந்தார்.

"நீ சைக்கிளைத் தொட்டே எத்தனை வருஷமாச்சு? குழி ஈரம்கூடக் காயலை, ஊரு என்ன சொல்லும்?"

"பயமாத்தாண்ணே இருக்கு. ஊரா வந்து இவளைப் பள்ளிக்கூடத்துல விடப்போகுது? சீட்டைப் பிடிங்க."

முணுமுணுத்துக்கொண்டே பிடித்தார். அவள் புருஷன் நெட்டை மனுஷர், ஏற்றிய சீட்டை ஒருநாளும் இறக்கியதில்லை. நட்டு துருவேறி இறுகிக் கிடந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு திருகினாள். உள்ளங்கை கிழிந்தது. கடைசியில் கிறீச்சென்று சீட்டு நாலு விரல் இறங்கியது. அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே நட்டை முடுக்கினாள்.

கோல் ஆடாமல் கயிற்றை இறுக்கிக் கட்டிவிட்டு, ஓட்டிப் பார்க்கத் தெருவுக்குத் தள்ளி வந்தாள்.

மகள் ஏற்கெனவே தன் சைக்கிளோடு வெளியே நின்றிருந்தாள், சுவரை ஒட்டி, வழக்கமான இடத்தில். ரோட்டுப் பக்கம் இன்னொரு சைக்கிளுக்கு இடம் விட்டிருந்தாள்.