விட்டுப்போன கருத்து

கத்தோலிக்கப் பங்குக் கோயிலுக்கு லினெட் இலவசமாக எழுதிக்கொடுத்த ப்ரோக்ராமை யாரும் குறை சொன்னதில்லை, அவளோடு வேலை செய்யும் காமினியைத் தவிர.

பூசைக்குக் கருத்து, அதாவது இன்னாருக்காக இன்னது வேண்டவேண்டும் என்று, கொடுப்பவர்கள் முன்பெல்லாம் பங்கு அலுவலகத்தில் வரிசையில் நின்றார்கள். இப்போது பெயர், தேதி, எதற்காக என்ற மூன்றையும் வாட்சப்பில் அனுப்பினால் போதும். ப்ரோக்ராம் அதை ஒரு வரியாக்கி, அனுப்பியவர் பெயரையும் சேர்த்து, பூசையில் வாசிப்பவரின் தாளில் ஏற்றிவிடும். ஆனால் நம் ஜனங்களில் பத்துக்கு ஒன்பது பேர் செத்தவர்களுக்குத்தான் பூசை வைக்கிறார்கள். உயிரோடு இருப்பவனை யார் கண்டுகொள்கிறார்கள்? அதனால் மூன்றாவதை லினெட் அவரவர் விருப்பத்துக்கு விட்டுவிட்டாள். எழுதாவிட்டால், பெயருக்கு முன் 'மறைந்த' என்றும் பின் 'ஆன்ம இளைப்பாற்றிக்காக' என்றும் அதுவே போட்டுக்கொள்ளும்.

புக்கிட் தெங்கா தொழிற்சாலையில் தினமும் புழங்கும் அதே ஃபங்ஷனல் கணினி மொழியில்தான் இதையும் எழுதியிருந்தாள். அந்த மொழிக்கு ஒரு குணம் உண்டு. விருப்ப மதிப்பைக் கொடுக்காமல், அதற்குப் பின்னால் வரும் கட்டாய மதிப்பைக் கொடுத்துவிட்டால், வேலையைச் செய்யும் நிரல்துண்டான ஃபங்ஷன் காத்திருக்காது. இனி சொல்லமாட்டார்கள் என்று முடிவுகட்டி, முன்பே எழுதிவைத்ததை எடுத்துக்கொண்டு ஓடிவிடும்.

"இதுக்கு டீஃபால்ட் வேணாம்லா," என்றாள் காமினி. "கட்டாயமாக்கு. எங்க விட்டுப்போனாலும், ஓடவிடறதுக்கு முன்னாடியே கம்பைலர் பிடிச்சிக்கும். நீயும் ஆளுங்ககிட்ட திருப்பிக் கேட்டுத்தான் ஆகணும்."

"திருப்பித் திருப்பிக் கேட்டா எரிச்சலாவாங்க. ஒம்பது பேருக்கு அதான் சரி."

"பத்தாவது ஆளு?"

"அவரு எழுதிக்குவாரு."

அந்தப் பத்தாவது ஆள் தானேதான் என்று அன்று அவளுக்கு எப்படித் தெரியும்?

அப்பா செபாஸ்டியனோடு அவள் பேசி இரண்டு வருடம் ஆகிவிட்டது. அவர் வேண்டாம் என்ற மோகனராஜைப் பதிவுத் திருமணம் செய்யக் கிளம்பிய அன்று, டத்தோ கிராமாட்டில் இருந்த வீட்டின் கேட்டை மறித்துக்கொண்டு நின்றார். "எனக்கு அப்பா செத்துட்டாரு," என்று தெருவே கேட்கச் சொல்லிவிட்டு வந்தாள். ஆத்திரத்தில் வாய்க்கு வந்த பேச்சு. மறுநாளே ஒரு போன் போட்டு அதைத் திரும்ப எடுத்துக்கொண்டிருக்கலாம். போடவில்லை. அவரும் போடவில்லை. வீம்பில் அப்பனுக்குத் தப்பாமல் பிறந்த பெண்.

பிறகு ஒரு வியாழக்கிழமை மதியம், அத்தை வெரோனிக்கா போன் செய்தாள். "வர்ற புதன் ஒங்கப்பாவுக்கு ஹார்ட் ஆப்பரேஷன். ஒன்கிட்ட சொல்லாதன்னாரு. மனசு கேக்கல."

லினெட் பாதிச் சாப்பாட்டில் இருந்தாள். அப்பாவை அழைக்கத் துணிவில்லை. ஞாயிறு தமிழ்ப் பூசையை அவர் தவறவிடமாட்டார். தனக்காக மகள் வேண்டிக்கொள்கிறாள் என்று அங்கே காதால் கேட்கட்டும் என நினைத்தாள். எச்சில் கையை ஒதுக்கிக்கொண்டு இடக்கையால் தட்டினாள்: செபாஸ்டியன், ஞாயிறு. அதற்குள் மீட்டிங்குக்குக் கூப்பிட்டார்கள். அனுப்பிவிட்டு ஓடினாள்.

தன் வினை தன்னைச் சுடும். ஞாயிறு காலை கடைசி பெஞ்சில் அவள் காத்திருக்க, வாசிப்பவர் தாளில் இருந்ததை அப்படியே வாசித்தார்: "மறைந்த செபாஸ்டியனின் ஆன்ம இளைப்பாற்றிக்காக. வேண்டுபவர், லினெட் செபாஸ்டியன்."

மூன்றாவது பெஞ்சில் அப்பாவின் நரைத்த தலை நிமிர்ந்தது. பக்கத்தில் இருந்தவர்கள் அவரைப் பார்த்தார்கள். அவர் யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை.

பூசை முடிந்ததும், கார் நிறுத்துமிடத்தில் அவர் கெரேத்தாவில் ஏறுவதற்குள் லினெட் ஓடிப்போய் முன்னால் நின்றாள்.

"அப்பா, அது ப்ரோக்ராம் செஞ்ச தப்புப்பா."

"ப்ரோக்ராம் யாரு எழுதுனது?"

"நான்தான். எதுக்குன்னு ஒண்ணும் சொல்லாட்டி, செத்தவங்களுக்குன்னு அதுவே போட்டுக்கும்."

அவர் கதவைப் பிடித்தபடி நின்றார். கோபப்பட்டுத் திட்டியிருந்தால்கூட அவள் தாங்கியிருப்பாள்.

"ரெண்டு வருஷமா நீ ஒண்ணும் சொல்லலயேம்மா," என்றார். "நானும் அப்படித்தான் போட்டுக்கிட்டேன்."

லினெட் வாய்விட்டு அழுதாள். அவர் அவள் தோளைத் தொட வந்து, பாதியில் கையை இறக்கிக்கொண்டார். "புதனுக்கு ஒண்ணு போடு. இந்த வாட்டி சரியா போடு," என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

அன்று மாலையே அவள் டீஃபால்ட்டைத் தூக்கினாள். பதினோரு இடங்களில் மதிப்பு இல்லை என்று கம்பைலர் பிடித்துக்கொண்டது. ஒவ்வொன்றாகத் திருத்தினாள். இனி யார் எதை விட்டாலும், 'எதற்காக?' என்று அது திருப்பிக் கேட்கும். புதன் பூசைக்கு 'நலம் பெற' என்று எழுத்தெழுத்தாகத் தட்டி, மூன்று முறை படித்துப் பார்த்து அனுப்பினாள். கோயிலில் அதை வாசித்தபோது செபாஸ்டியன் ஆப்பரேஷன் மேசையில் இருந்தார். அதிலிருந்து அவர் எழவில்லை.

முப்பதாம் நாள் பூசைக்கு லினெட் அப்பாவின் பெயரையும் தேதியையும் அனுப்பினாள். அதற்கு மேல் விரல் ஓடவில்லை. 'எதற்காக?' என்று ப்ரோக்ராம் கேட்டது. முன்பென்றால் அதுவே போட்டுக்கொண்டிருக்கும். இப்போது அவள்தான் எழுதவேண்டும்.

அவள் பதில் தராததால், இன்னொரு முறை கேட்டது.