ஆறு மணிச் சத்தம்

ஜெபத்தின் நடுவில் அந்தச் சத்தம் வந்தது. டக். யாரோ சொடக்குப் போட்ட மாதிரி, ஒரே ஒரு தடவை.

பாஸ்டர் கண்ணைத் திறக்கவில்லை. ஹாலில் இருந்த இருபது பேரில் பாதிப் பேர் திறந்து ஐஸ் பெட்டியைப் பார்த்தார்கள். கண்ணாடிக்குக் கீழே ஈவ்லின் வெள்ளைச் சேலையில், மூக்கில் பஞ்சோடு, எந்த வம்புக்கும் போகாதவள் மாதிரி படுத்திருந்தாள். உயிரோடு இருந்தவரை அவள் அப்படி இருந்ததே இல்லை.

ஜூடித் மட்டும் நேராக லாய்டின் கையைப் பார்த்தாள். ஈவ்லினின் தங்கை அவள், ஓய்வு பெற்ற நர்ஸ். இந்த வீட்டில் இன்றைக்கு யார் எங்கே உட்கார வேண்டும் என்பது வரை அவள் சொல்வதுதான் சட்டம்.

"அத்தான், அந்தப் பேனாவ உள்ள வைங்க. இன்னைக்காவது."

பேனா சட்டைப் பையில்தான் இருந்தது. லாய்ட் அதைத் தொடவே இல்லை. முப்பத்தொரு வருடம் ரயில்வே ஒர்க்ஷாப் ஸ்டோர்ஸில் நட்டும் போல்ட்டும் எண்ணிய காலத்தில் தொற்றிக்கொண்ட பழக்கம், பேனாவின் தலையை அமுக்கி அமுக்கி விடுவது. மனைவி செத்த அன்றைக்கும் அமுக்குகிற ஆள்தான் அவர் என்று எல்லோருக்கும் தெரியும். மறுத்துப் பேசிப் பயனில்லை. "சரி ஜூடித்," என்றார்.

"கம்ப்ரெசர் சத்தம் மேடம்," என்று வாசலிலிருந்து சமாதானம் சொன்னார் ஐஸ் பெட்டி கொண்டுவந்த மல்லப்பன். "ஹளே பெட்டி, ரொம்பப் பழசு. ஏனில்லா, ஒண்ணுமில்ல, பயப்படாதீங்க."

ஜெபம் தொடர்ந்தது. லாய்ட் மட்டும் பக்கத்து அறைக் கதவைப் பார்த்தார். கம்ப்ரெசர் சத்தம் அவருக்குத் தெரியாததா? இது வேறு. இது பக்கத்து அறையில் இருக்கும் தொட்டியிலிருந்து வரவேண்டிய சத்தம். ஆனால் அந்தத் தொட்டியில் இருந்தது செத்து ஒன்பது நாள் ஆகிறது. அது அவர் ஒருவருக்குத்தான் தெரியும்.

தொட்டியில் மீன் கிடையாது. துறைமுகச் சுவரிலிருந்து உடைந்து விழுந்த, சிப்பி மண்டிய ஒரு கல். அதன் பொந்துக்குள் ஒரு சொடக்கு இறால். விரல் நீளம்கூட இருக்காது, ஒரு கொடுக்கு மட்டும் உடம்புக்குப் பொருந்தாத பெரிசு. அதைச் சட்டென்று மூடும்போது இந்தச் சத்தம் வரும். பதினோரு மாதத்தில் அதைக் கண்ணால் பார்த்தவர் யாருமில்லை. ஈவ்லினும் பார்த்ததில்லை. கேட்பாள், கேட்டதை எண்ணுவாள், அவ்வளவுதான்.

கல்லூரியில் விலங்கியல் நடத்தி ஓய்வு பெற்ற பிறகு, சனிக்கிழமை மூன்று மணிக்குக் கம்ப்யூட்டரில் ஒரு பயிற்சி வகுப்பு நடத்திக்கொண்டிருந்தாள். தூத்துக்குடி, ராமேஸ்வரம், கார்வார் என்று கடலோர ஊர்களில் ஆராய்ச்சி செய்யும் பன்னிரண்டு பேர். கடலுக்கடியில் மைக்கை இறக்கிப் பதிவு செய்த சத்தத்தை வைத்து, அந்தப் பாறையில் என்னென்ன உயிர்கள், எவ்வளவு இருக்கின்றன என்று கண்டுபிடிக்கும் வித்தை. ஒருவர் பதிந்ததை மற்றவர்களும் கேட்டு, எல்லோரும் ஒரே பட்டியலில் எண்ணிக்கையை ஏற்ற வேண்டும். கடலே இல்லாத மைசூரில் உட்கார்ந்துகொண்டு கடற்கரைக்காரர்களுக்குக் கடல் சொல்லித் தருகிறாள் என்று சொந்தக்காரர்கள் கிண்டலடிப்பார்கள். "கேக்கறதுக்குக் காது போதும், கடல் எதுக்கு?" என்பாள்.

ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களிலும் அவள் விடவில்லை. பெண்கள் வார்டில் சாயங்காலத்துக்கு மேல் ஆண் துணைக்கு இடமில்லை என்பதால் ஜூடித் தங்கினாள். லாய்டை ஐந்து மணிக்கே வீட்டுக்குத் துரத்திவிடுவாள் ஈவ்லின்.

"ஆறுலேருந்து ஆறு பத்து வரைக்கும் எண்ணணும். லேப்டாப் என்கிட்ட இருக்கு, அதனால உங்க காதுதான் மைக். தண்ணி குறைஞ்சா ஊத்துங்க. மறந்துடாதீங்க."

தண்ணீர் குறைந்தது. ஊற்றினார். அறையில் இரண்டு கேன்கள் இருந்தன. ஒன்றில் கடல் தண்ணீர், இன்னொன்றில் ஃபில்டர் தண்ணீர். கடல் ஜீவனுக்குக் கடல் தண்ணீர்தானே என்று அதையே தாராளமாக ஊற்றினார். இரண்டு நாள் சத்தம் கேட்டது. மூன்றாம் நாள் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். காற்றுக்குமிழ் சத்தம் தவிர ஒன்றுமில்லை. ஆறு பத்துக்குப் போன் வந்தது.

"எத்தனை?"

அந்த ஒரு வார்த்தைக்கே அவளுக்கு மூச்சு வாங்கியது. ஒன்றுமில்லை என்று சொல்ல வாயெடுத்தவர், "பன்னெண்டு," என்றார்.

மறுநாள் அவள், "போனத் தொட்டி பக்கத்துல வைங்க, நானும் கேக்கறேன்," என்றாள். லாய்ட் போனைத் தொட்டி விளிம்பில் வைத்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்துப் போனுக்குப் பக்கத்தில் பிடித்து அமுக்கினார். டக். கொஞ்சம் விட்டு மறுபடியும். பத்து நிமிடத்தில் பதினாலு தடவை. அந்தப் பக்கத்தில் லேப்டாப்பில் பதிவு செய்துகொண்டிருந்தாள். கடைசியில், "நல்லா இருக்கு," என்றாள் ஈவ்லின்.

அன்றிலிருந்து ஏழு சாயங்காலம் அதே கதை. ஒரு நட்டு குறைந்தால் சோறு இறங்காத மனிதர், பேனாவை அமுக்கி அமுக்கித் தோன்றிய எண்ணிக்கையைச் சாகப்போகிறவளுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார். அவள் அதைப் பட்டியலில் ஏற்றினாள். அந்தப் பட்டியல் திங்கட்கிழமை மற்றப் பயிற்சி மையங்களுக்கெல்லாம் போகிறது, ஈவ்லின் பெயர் போட்டு. அவள் பெயரில் போகும் கடைசிக் காரியம் அது. அதற்குள் இவருடைய பொய் உட்கார்ந்திருக்கிறது.

பதினோரு மணிவாக்கில் தூத்துக்குடி ரயிலிலிருந்து நேராக ஒரு பெண் வந்தாள். முப்பது வயதுக்குள் இருக்கும். தோளில் பை, கையில் கசங்கிய ரோஜா மாலை. பெட்டிக்கு முன்னால் நின்று சத்தமில்லாமல் அழுதாள். பிறகு லாய்டிடம் வந்தாள்.

"ஜோவிதா அங்கிள். மேடம் கிளாஸ்ல படிக்கேன். பட்டியலுக்கு நான்தான் பொறுப்பு." மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "தப்பா நினைக்காதிய. தொட்டியப் பாத்துக்கிடட்டுமா?"

பட்டியலுக்குப் பொறுப்பு என்றதுமே லாய்ட் சட்டைப் பையைக் கையால் மூடிக்கொண்டார். அவளை அறைக்குக் கூட்டிப்போனார்.

அவள் கல்லைப் பார்க்கவில்லை. தொட்டியின் விளிம்பில் விரலை ஓட்டினாள். வெள்ளையாகத் தூள் ஒட்டியது. நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு இரண்டு கேன்களையும் திரும்பிப் பார்த்தாள். கடல் தண்ணீர்க் கேன் காலியாக இருந்தது.

"அங்கிள், ஆவியாப் போறது வெறுந்தண்ணிதான? உப்பு உள்ளேயேதான கெடக்கும்? அது மேல மறுபடியும் உப்புத்தண்ணிய ஊத்துனா..." முழுதாகச் சொல்லாமல் நிறுத்திக்கொண்டாள்.

சொல்ல வேண்டிய தேவையும் இல்லை. ஸ்டோர்ஸ்காரருக்கு இந்தக் கணக்கு புரியாதா? இறாலை உப்பில் ஊறப்போட்டது தன் கைதான் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

ஜோவிதா ஃபில்டர் தண்ணீரை ஒரு டம்ளரில் மொண்டு மெதுவாகத் தொட்டியில் விட்டாள். "ஒரேயடியா ஊத்தக்கூடாது. கால் மணிக்கு ஒரு டம்ளர். உயிர் இருந்தா தாங்கும்."

கதவருகில் எட்டிப்பார்த்த ஜூடித் தலையில் அடித்துக்கொண்டாள். "பொணத்தப் போட்டுக்கிட்டு மீன் தொட்டிக்குத் தண்ணி மாத்தற வீடு இந்த மைசூர்லயே இது ஒண்ணுதான் அத்தான்."

ஐந்தாவது டம்ளர் போகும்வரை லாய்ட் ஸ்டூலில் உட்கார்ந்தே இருந்தார். ஹாலில் பாட்டுப் பாடினார்கள், யாரோ வந்து தோளைத் தட்டிவிட்டுப் போனார்கள். திங்கட்கிழமை, திங்கட்கிழமை என்று மண்டைக்குள் ஓடியது. கடைசியில் போட்டு உடைத்துவிட்டார்.

"அந்தப் பட்டியல அனுப்பாதம்மா. மூணாம் நாள்லேருந்து இதுல சத்தமே வரல. நான் சொன்னது எல்லாம் பொய். பேனாவ அமுக்கிக் காட்டினேன். ஈவ்லின் நம்பிட்டா."

ஜோவிதா டம்ளரைக் கீழே வைத்தாள். அவரையும் அவர் சட்டைப் பையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"நீங்களா அது?" என்றாள்.

போனை எடுத்து, ஆஸ்பத்திரியிலிருந்து மேடம் நடத்திய சனிக்கிழமை வகுப்பின் பதிவைத் தேடி அமுக்கினாள். மூடியிருந்த ஜன்னல், சின்ன அறை. ஈவ்லினின் குரல் கணீரென்று கிளம்பி ஹால் வரைக்கும் போனது.

"எல்லாரும் இத நல்லாக் கேளுங்க."

ஹாலில் பாட்டு அறுந்தது. ஒரு நாற்காலி நகர்ந்தது. பெட்டிக்குள் கிடக்கிறவளின் குரல் பக்கத்து அறையில் பேசிக்கொண்டிருந்தது. ஜூடித் வாசற்படியில் வந்து நின்றாள், உள்ளே கால் வைக்கவில்லை.

டக்.

"இது இறால் இல்ல. அமுக்கறப்ப ஒரு சத்தம், விடறப்ப பின்னாலயே இன்னொரு சின்னச் சத்தம். நடுவுல ஸ்பிரிங். கேக்குதா? இறால்னா ஒரே அடி, பின்னால எதுவும் வராது. இது பேனா. இறால் கட்டத்துல பூஜ்யம் போடுங்க. பக்கத்துல தனியா ஒரு கட்டம் போட்டு, அதுல பதினாலுன்னு எழுதுங்க."

யாரோ ஒரு ஆண் குரல்: "தப்பான பதிவுதானே மேடம்? அழிச்சுடலாமா?"

"அழிக்காதீங்க." மூச்சு வாங்கும் சத்தம். அதோடு சேர்ந்து ஒரு சிரிப்பு. "பத்து நிமிஷம் கை வலிக்க வலிக்க ஒருத்தர் பண்ணியிருக்கார்."

பதிவு அவ்வளவுதான். ஜோவிதா தன் பையிலிருந்து நோட்டை எடுத்து விரித்துக் காட்டினாள். பென்சிலில் கோடு போட்ட பட்டியல். முதல் இரண்டு நாள் இறால் கட்டத்தில் ஒன்பது, பதினொன்று. அதற்குப் பிறகு வரிசையாகப் பூஜ்யம். மூன்றாம் நாளுக்குப் பக்கத்தில், 'சொன்னது 12, கேட்கவில்லை' என்று சின்னதாக ஒரு குறிப்பு. நாலாம் நாளிலிருந்து பக்கத்துக் கட்டத்தில் பதினாலு, பதினேழு, பன்னிரண்டு என்று ஏழு வரி ஓடியது. கட்டத்தின் தலையில் 'பேனா' என்று எழுதியிருந்தது.

"பேனா யாரோடதுன்னு கேட்டோம் அங்கிள். வீட்ல ஒருத்தர்னு மட்டும் சொன்னாவ."

பட்டியல் பிழைத்துவிட்டது. லாய்டுக்கு நெஞ்சிலிருந்து ஒரு மூட்டை இறங்கியது. இறங்கிய கையோடு கோபம் வந்தது. தெரிந்துகொண்டே ஏழு நாளும் ஏன் கேட்டாள்? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நல்லா இருக்கு என்று அவள் சொன்னது எதை? போய்க் கேட்கலாமென்றால் ஐஸ் பெட்டியைத்தான் கேட்க வேண்டும். அவருக்கு வெட்கமாக இருந்தது, வாய்விட்டு அழ வேண்டும்போலவும் இருந்தது. ஜூடித் வாசற்படியில் நிற்பதால் இரண்டையும் விழுங்கிக்கொண்டு, "அடுத்த டம்ளருக்கு நேரமாச்சாம்மா?" என்றார்.

மூன்றரை மணிக்குச் சவப்பெட்டி வந்தது.

"சார், கனெக்ஷன் தெகீலா, எடுத்துடலாமா?" என்று மல்லப்பன் கேட்டார். லாய்ட் தலையாட்டினார். பிளக்கைப் பிடுங்கியதும் நேற்றிலிருந்து ஓடிக்கொண்டிருந்த உறுமல் நின்றது. அதுவரை அது ஓடியதே தெரியாதவர்கள் அது நின்றதும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மல்லப்பன் ஒயரைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு ஓரமாகப் போய் நின்றார்.

நாலு பேராக ஈவ்லினைத் தூக்கிச் சவப்பெட்டியில் வைத்தார்கள். ஜூடித் அக்காவின் நெற்றியைத் துடைத்து, பைபிளை நெஞ்சின் மேல் வைத்தாள். கடைசி முத்தம் கொடுக்கச் சொன்னார் பாஸ்டர். லாய்ட் குனிந்தார். நெற்றி சில்லென்றிருந்தது. நிமிரும் முன் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, விறைத்த விரல்களுக்கு அடியில் செருகினார். ஜூடித் அதைப் பார்த்தாள். அக்காவின் சேலை முந்தானையை இழுத்து அதை மூடிவிட்டாள்.

மூடியைத் தூக்கிப் பொருத்தினார்கள். ஜோவிதா நோட்டோடு இரண்டு அறைக்கும் நடுவில், கதவில் சாய்ந்து நின்றாள். பாஸ்டர் அடுத்த பாட்டின் எண்ணைச் சொல்லப் புத்தகத்தைப் புரட்டினார்.

டக்.

எல்லோரும் கேட்டார்கள். மல்லப்பன் தன் கையிலிருந்த ஒயரைப் பார்த்தார். ஜூடித்தின் கண், பழக்க தோஷத்தில், லாய்டின் கைக்குத்தான் போனது.

லாய்ட் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார்.

ஜோவிதா நோட்டைத் திறந்தாள். நேரத்தைக் குறித்தாள், மூன்று ஐம்பத்திரண்டு. பிறகு தொட்டியைத் திரும்பிப் பார்த்தாள், சவப்பெட்டியைப் பார்த்தாள். இறால், பேனா என்ற இரண்டு கட்டங்களுக்கும் நடுவில் இருந்த கோட்டின் மேல் அவள் பென்சில் நின்றது.