அப்பா வேலைக்குப் போன ப்ராஜெக்ட்

பி.காம். இரண்டாம் வருடத்தில் ப்ராஜெக்டுக்காக மகள் காகிதத்தில் நடத்திக்கொண்டிருந்த அட்டைப்பெட்டி கம்பெனியில், ஒரு திங்கட்கிழமை காலை அவளுடைய அப்பா வேலைக்குச் சேர்ந்தார். சவரம் செய்துகொண்டு, பழைய ஃபேக்டரிக்குப் போட்டுப் போன சட்டையையே இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு, டிபன் பாக்ஸோடு கிளம்பினார். சாயங்காலம் திரும்பியபோது சட்டையில் பசை வாசனை அடித்தது. சோப்பு ஃபேக்டரி மூடிய நாளிலிருந்து சுவரைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்த மனுஷன், அன்றைக்கு இன்னும் கொஞ்சம் போடு என்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். வீட்டில் அதுதான் பெரிய செய்தி.

நடந்தது இவ்வளவுதான். அந்தப் பல்கலைக்கழகத்தின் வணிகவியல் துறையில் ஒரு வழக்கம் உண்டு. பி.காம்., பி.பி.ஏ. எது படித்தாலும் ஒவ்வொரு பிள்ளையும் ஒரு கம்பெனியை எழுத்தில் தொடங்கி, வருடா வருடம் கணக்குக் காட்டி, கடைசி செமஸ்டரில் அதை முறைப்படி கலைக்க வேண்டும். கலைத்தால்தான் பட்டம். துறைத்தலைவரை எல்லோரும் டாலி சார் என்பார்கள், "டாலி ஆகுதா?" என்பதைத் தவிர அவர் வாயிலிருந்து வேறு கேள்வி வந்ததாகத் தகவல் இல்லை. கடையைத் திறக்க எந்தக் கழுதைக்கும் தெரியும், மூடத் தெரிந்தவன்தான் வியாபாரி என்பது அவர் கட்சி. மகளின் முதல் வருடக் கணக்கைப் பார்த்துவிட்டு, ஆளே இல்லாத கம்பெனியில் சம்பளச் செலவு எப்படி வரும் என்று திருப்பிக் கொடுத்தார். அவள் ரொம்ப யோசிக்கவில்லை. பேக்கிங் சூப்பர்வைசர் ஒருவர், ஐம்பதைத் தாண்டியவர், அனுபவசாலி என்று கண்ணில் பட்ட ஆளையே எழுதிவைத்தாள். கண்ணில் பட்டவர், சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்த அப்பா.

எந்தக் கம்பெனி, எந்தத் தெரு என்று அக்கம்பக்கத்தில் கேட்காமல் இருப்பார்களா? ஊர் வாயை மூட உலைமூடி ஏது. "மாசமானா சம்பளம் வருது. கம்பெனி எங்க இருந்தா நமக்கென்ன?" என்றாள் அம்மா. அதோடு கேட்பதை விட்டுவிட்டார்கள்.

அப்பா ஞாயிற்றுக்கிழமையும் போனார். அடுத்த ஞாயிறும் போனார். லீவே விடாத கம்பெனி ஒரு கம்பெனியா என்று அம்மா சத்தம் போட்ட பிறகுதான் மகளுக்கு உறைத்தது, வார விடுமுறை என்று அவள் எங்கேயும் எழுதவில்லை. உடனே எழுதினாள். அடுத்து வந்த ஞாயிறு அப்பா பத்து மணி வரை தூங்கினார். பிறகு ஒருநாள் கால் வீங்கி வந்தார். நாள் முழுக்க நின்றபடியே வேலை, உட்கார ஒன்றும் இல்லை என்றார். ஃபர்னிச்சர் கணக்கில் கைவைத்த மர நாற்காலி ஒன்று என்று சேர்த்தாள். மறுநாள் அப்பா சாப்பிடும்போது முதலாளியைப் புகழ்ந்தார். ஆளைக் கண்ணால் பார்த்ததில்லை, ஆனால் வாய் திறந்து கேட்காமலே எல்லாம் நடக்கிறது என்றார். மகள் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டாள். சம்பளத்தையும் ஏற்றிவிடத்தான் ஆசை. தாறுமாறாக ஏற்றினால் டாலி ஆகாது. உண்மையைச் சொல்லவும் இல்லை. சொன்னால் நின்றுவிடுமோ என்ற பயம் ஒரு பக்கம், பெற்ற மகளிடம் சம்பளம் வாங்குகிறோம் என்று தெரிந்தால் அப்பா எப்படித் தலைநிமிர்ந்து தெருவில் நடப்பார் என்பது இன்னொரு பக்கம்.

கடைசி செமஸ்டர் வந்தது. கூடப் படித்தவர்கள் தங்கள் செருப்புக் கம்பெனியையும் பிஸ்கட் கம்பெனியையும் ஒரே வாரத்தில் கலைத்துவிட்டு, கூட்டமாக நின்று போட்டோ எடுத்துக்கொண்டு வேலைக்குப் போய்ச் சேர்ந்தார்கள். அவர்கள் எழுதிவைத்த தொழிலாளிகள் யார் வீட்டிலும் சாப்பிடாதவர்கள். மகள் கலைக்கவில்லை. கலைக்கும் கணக்கு எழுத வேண்டிய இடத்தில், கம்பெனியின் அடுத்த வருடக் கணக்கை எழுதிக் கொடுத்தாள். ஆர்டர் கொஞ்சம் கூடியிருந்தது, சூப்பர்வைசருக்குச் சின்னதாக ஒரு சம்பள உயர்வும் இருந்தது. டாலி சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். "டாலி ஆகுது. ஆனா கம்பெனி இன்னும் ஓடுதேம்மா" என்றார். ஃபெயில் போட்டார்.

அடுத்த வருடமும் அதே கதை. அதற்கடுத்த வருடமும் அதே கதை. ஃபீஸ் கட்டுவாள், இன்னொரு வருடம் கம்பெனியை ஓட்டுவாள், ஃபெயில் ஆவாள். ஒரு ஆடிட்டர் ஆபீசில் உதவியாளாகச் சேர்ந்தாள். பட்டம் வரட்டும், பார்க்கலாம் என்று ஆடிட்டர் சொல்லிக்கொண்டே இருந்தார். அவளிடம் வேலை கற்றுக்கொண்ட சின்னப் பெண்கள் பட்டத்தோடு வந்தவர்கள் என்பதால் அவளுக்கே மேலதிகாரி ஆனார்கள். முதுகுக்குப் பின்னால் அரியர் அக்கா என்றார்கள். முதலில் வலித்தது. அப்புறம் மரத்துப்போன கால் மாதிரி ஆகிவிட்டது, இருக்கிறது என்று தெரியும், அவ்வளவுதான். அப்பா மட்டும், நம்ம பொண்ணு படிப்பு ஏன் இப்படி இழுக்குது என்று அம்மாவிடம் கவலைப்பட்டுவிட்டு வேலைக்குப் போய்வந்தார்.

அப்புறம் பல்கலைக்கழகம் ஒரு அறிவிப்பு போட்டது. பழைய அரியர்காரர்களுக்கு இதுதான் கடைசி வாய்ப்பு. முடிக்காதவர்களின் பதிவு ரத்தாகும், அவர்களுடைய ப்ராஜெக்ட் தொடங்கப்படவே இல்லை என்று கருதப்படும். அந்தக் கடைசி வரியை மகள் நோட்டீஸ் போர்டுக்கு முன்னால் நின்று திரும்பத் திரும்பப் படித்தாள். அப்பாவுக்கு வேலை போனால் போகட்டும். தொடங்கவே இல்லை என்றால், அப்பா இத்தனை வருடம் எங்கே போய்விட்டு வந்தார்? அழுகை வரும் என்று நினைத்தாள். வரவில்லை. வீட்டுக்குப் போய் எழுத உட்கார்ந்தாள்.

பாடத்தில் படித்தபடியே கலைத்தாள். தொழிலாளிக்குச் சேர வேண்டியது முதலில், மற்றவர்களுக்கு அப்புறம், முதலாளிக்குக் கடைசியில். எல்லாம் போக முதலாளிக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. நாற்காலியை மட்டும் விற்றதாகக் காட்ட மனசு வரவில்லை. நெடுநாள் உழைத்த சூப்பர்வைசருக்கு அன்பளிப்பு என்று எழுதினாள். ரிட்டயர் ஆகும் வயதிலிருந்த டாலி சார் படித்துப் பார்த்தார். "டாலி ஆகுது" என்று கையெழுத்துப் போட்டார்.

அன்றைக்கு மத்தியானமே அப்பா வந்துவிட்டார். தலையில் நாற்காலி. நிறம் என்ன என்று மகள் எழுதாததால் அதற்கு நிறம் எதுவும் இல்லை. கூடத்தில் இறக்கிவைத்துவிட்டு மூச்சு வாங்கினார்.

"மூடிட்டாங்கம்மா. ஒரு குறையும் வைக்காம கணக்கு முடிச்சு அனுப்பினாங்க. வேற ஆளா இருந்தா எப்பவோ மூடியிருப்பாங்க. ரொம்ப நாள் இழுத்துப் பிடிச்சிருக்காங்க. நஷ்டம் பூரா முதலாளிக்குத்தான் போல, பாவம்."

"அவங்களுக்கு ஒண்ணும் ஆகாதுப்பா" என்றாள் மகள். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

பட்டம் வந்தது. கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டினார்கள். ஆபீசில் மேஜை மாறியது. வீட்டுக்கு வருகிறவர்கள் முதலில் நாற்காலியைக் கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்ப்பார்கள், கையால் தடவுவார்கள், பிறகு நிறத்தில் என்ன இருக்கிறது, ஆடாமல் நிற்கிறதே என்று உட்கார்ந்துவிடுவார்கள். அப்பா அதில்தான் நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிறார், பட்டம் மாட்டிய அந்தச் சுவரைப் பார்த்தபடி. ஞாயிற்றுக்கிழமை மட்டும் பத்து மணி வரை தூங்குவார். அதுவரைக்கும் மகள் அதில் உட்கார்ந்து பேப்பர் படிப்பாள்.