துணி கட்டிய கதவு

"ஆயிரம் இதழா? யாருக்கா வெட்டுறது? எங்கம்மாவக் கூப்டட்டா?"

மாதேஸ்வரன் கேட்டதும் மற்ற பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்கள். சத்தம் வரவில்லை. அந்த மாடியில் சிரிப்பதென்றால் அப்படித்தான்.

"உச்சந்தலைச் சக்கரத்துக்கு ஆயிரம்னு சொல்றது ஒரு கணக்குக்குடா. நீ ஓரத்துல பிசுறு பிசுறா வெட்டு, போதும்" என்றாள் சுகுணா, தணிந்த குரலில்.

ஓசூர் சிப்காட்டை ஒட்டிய லைன் வீடுகள் அவை. கீழே இரண்டு வரிசையாக ஒற்றை அறை வீடுகள், மேலே தகரக் கூரை போட்ட மாடி. சனிக்கிழமை காலைகளில் சுகுணா அங்கே பிள்ளைகளுக்கு ஏழு சக்கரங்களைச் சொல்லிக்கொடுத்தாள். கம்பெனியில் நின்று நின்று முதுகு போன பிறகு பெங்களூருக்குப் போய் யோகா கற்றுக்கொண்டவள் அவள். வாயால் விளக்கினால் பிள்ளைகள் ஓடிவிடும் என்று, பேக்கிங்கில் வரும் ஃபோம் ஷீட்டை வட்டமாக வெட்டி, வண்ணத்தாள் இதழ் ஒட்டி, ரிப்பனில் கோத்துக் கழுத்தில் மாட்டிக்கொள்ளச் சொல்வாள். மாட்டியதும் கண்ணை மூடி உட்கார வேண்டும்.

மாடியைக் கொடுத்த வீட்டுக்காரர் திம்மப்பன், பிள்ளைகள் வரலாம், சத்தம் கூடாது என்று கன்னடம் கலந்த தமிழில் ஒன்றே ஒன்றுதான் சொல்லியிருந்தார். "மக்களு வரட்டும், போகட்டும். சத்தம் மாத்திரம் பேடாம்மா."

அவர் வீடுகளில் பாதிக்கு மேல் நைட் ஷிஃப்ட்காரர்கள். எந்தக் கதவின் தாழ்ப்பாளில் துணி கட்டியிருக்கிறதோ, அதற்குள் ஆள் தூங்குகிறது. அது அவிழும்வரை அங்கே யாரும் குக்கர் வைக்க மாட்டார்கள். கீரைக்காரி கூவ மாட்டாள். பிள்ளைகள் கையாலேயே பேசிக்கொள்ளும்.

வகுப்புக்கு வரும் யுவஸ்ரீயின் அம்மா மேகலா படியேறி வந்து, சுகுணாவைத் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் இழுத்துக்கொண்டு போனாள்.

"அக்கா, ஸ்கூல்ல கூப்ட்டாங்கக்கா. இவ வாயத் தொறந்து வாசிக்கிறதே இல்லையாம். திங்கக்கெழம க்ளாஸ்ல சத்தமா வாசிக்கலேன்னா, வாய் பேசாத பிள்ளைங்க ஸ்கூல் பாத்துக்கங்கன்றாங்க."

"டாக்டர்கிட்ட காட்டுனியா?"

"காட்டுனேன். தொண்டையும் நல்லாருக்கு, காதும் நல்லாருக்கு. ஏரிக்கரைக்குக் கூட்டினு போயி, கத்துடி யாரும் இல்லன்னு சொன்னேன். அங்கியும் குசுகுசுதான். தொண்டைக்கு ஒரு சக்கரம் இருக்குதுன்னு சொன்னீங்களே, அத எதுனா பண்ணுங்கக்கா."

"நீ ஏன் இப்பிடிக் குசுகுசுன்னு பேசுற?"

மேகலா விழித்தாள். "நானா? இல்லியே." பிறகு கீழே கை காட்டினாள். "அவரு தூங்குறாரு."

சுகுணாவுக்கு உள்ளே சுருக்கென்றது. இத்தனை வாரமாக யுவஸ்ரீயைத்தான் அவள் முன்வரிசையில் உட்கார வைத்திருந்தாள். 'இவளப் பாருங்க, எவ்ளோ அமைதி!' என்று மற்றவர்களுக்குக் காட்டியிருந்தாள்.

"சரி, எல்லாரும் நீலத்த எடுங்க" என்றாள் திரும்பி வந்து. "இது விசுத்தி. கழுத்துல இருக்கு. பதினாறு இதழ். ஒட்டியாச்சா? இப்ப கண்ண மூடுங்க. மூச்சு வந்து கழுத்துல தங்கிப் போவுதான்னு பாருங்க."

பிள்ளைகள் கண்ணை மூடினார்கள். ஒருவன் முட்டியைச் சொறிந்தான். மாதேஸ்வரன் ஒற்றைக் கண்ணைத் திறந்து காக்காயைப் பார்த்தான். யுவஸ்ரீ மட்டும் அசையவில்லை. சுகுணா முதல் முறையாக அருகே குனிந்து பார்த்தாள். பிள்ளையின் தோள் இரண்டும் காதுவரை ஏறியிருந்தன. மூடிய இமைக்குள் விழிகள் இங்கும் அங்கும் ஓடின.

"போதும், தொறங்க. யாருக்கு என்ன தெரிஞ்சுது?"

"பிரியாணிக்கா!" என்றான் மாதேஸ்வரன்.

"எனக்கு எறும்பு கடிச்சுது."

"யுவா, உனக்கு?"

பிள்ளை சுகுணாவின் காதில் வாய் வைத்துச் சொன்னது. "அப்பா ரெண்டு வாட்டி பொரண்டு படுத்தாரு. கட்டில் சத்தம் கேட்டுது. இன்னும் முழிக்கல."

அவர்கள் வீடு அந்த இடத்துக்கு நேர் கீழே இருந்தது.

சுகுணா எழுந்தாள். செருப்பைப் போடாமலேயே படியிறங்கினாள். பின்னாலேயே மேகலா ஓடிவந்தாள்.

"அக்கா, எங்க போறீங்க? துணி கட்டிருக்கு பாருங்க. தட்டாதீங்க! அக்கா!"

சுகுணா தட்டினாள்.

அந்தக் காம்பவுண்டில் அதுவரை யாரும் அதைச் செய்ததில்லை. யுவஸ்ரீயின் அப்பா ராஜசேகர் லுங்கியை இறுக்கிக்கொண்டு, கண் சிவந்து, கதவைத் திறந்தான். என்ன கோபம் வந்தாலும் பக்கத்து அறைகளிலும் துணி கட்டியிருந்ததால் சண்டை முழுவதும் கிசுகிசுப்பிலேயே நடந்தது.

"யாரு செத்துட்டாங்க?" என்றான் பல்லைக் கடித்தபடி.

"யாரும் சாகல. உங்க பொண்ணப் பத்திப் பேசணும்."

"ராத்திரி ப்ரெஸ் மெஷின்ல நிக்கப்போறது நீங்களா நானா? எதுத்த வூட்டு ஆளு தூங்காம போயி மெஷின்ல கையக் குடுத்தான், தெரியுமில்ல? அதுலேர்ந்துதான் இந்தத் துணியே. உங்க மூச்சுப் பயிற்சிய மாடியோட வெச்சுக்கங்க."

"திங்கக்கெழம வாசிக்கலேன்னா யுவாவ வேற ஸ்கூல்ல போடச் சொல்றாங்க. தெரியுமா?"

ராஜசேகர் மனைவியைப் பார்த்தான். "இன்னா இது? எங்கிட்ட யாரு சொன்னா?"

"நீங்க எப்ப முழிச்சினு இருந்தீங்க, சொல்றதுக்கு?" மேகலாவின் கிசுகிசுப்பு கீச்சென்று உடைந்தது. "நான் வேலைக்குப் போம்போது நீங்க வரல. நான் வரும்போது நீங்க கெளம்பிட்டீங்க. சுவத்துல எழுதி வெக்கட்டா?"

"ஸ்கூல்ல பேசுறதுக்கும் என் தூக்கத்துக்கும் இன்னா சம்பந்தம்?"

மேகலா கதவில் தொங்கிய துணியின் நுனியைப் பிடித்துத் திருகினாள்.

"சொல்லு."

"நான்தான் சொல்லி வெச்சேன். சின்னப் பிள்ளைல ஓயாம அழுவா. நீ சத்தம் போட்டா அப்பா தூங்கமாட்டாரு, தூங்கலேன்னா அப்பாவுக்கும் கை போயிடும்னு சொன்னேன். அதுலேர்ந்து இப்பிடித்தான்."

"அடிப்பாவி! பிள்ளகிட்ட சொல்ற பேச்சா அது?"

"வேற எப்பிடிச் சொல்றது? நீங்க இருந்து சொல்லிருக்க வேண்டியதுதான?"

"நானா ஊர் சுத்தப் போனேன்?"

"போதும், ரெண்டு பேரும்..." என்று சுகுணா நடுவில் புகுந்தாள். மூன்று பேரும் கையை ஆட்டி, கழுத்து நரம்பு புடைக்க, பாம்பு சீறுவதுபோல ஒரே நேரத்தில் பேசினார்கள். மாடிப்படியில் பிள்ளைகள் ஒன்றின்மேல் ஒன்றாகச் சாய்ந்து வேடிக்கை பார்த்தன. ராஜசேகரின் கை பட்டு டமாரென்று கதவு சுவரில் மோதியது.

"சத்தம் போடாதீங்க!"

படியிலிருந்து யுவஸ்ரீ கத்தினாள்.

"சிவராஜ் மாமா தூங்குறாரு! எல்லாரும் தூங்குறாங்க! எல்லாருக்கும் கை போயிடும்! சும்மா இருங்க!"

முழுக் குரல். சற்றுக் கரகரப்பான, ஓங்கிய குரல். கடைசி வீட்டு ஜன்னல்வரை போய்த் திரும்பியது. வரிசையாகக் கதவுகள் திறந்தன.

"எவன்டா அது, நடு ராத்திரில?" என்று எதிர்வீட்டு சிவராஜ் பனியனோடு வெளியே வந்தான். பகல் வெயிலைப் பார்த்துக் கண்ணைக் கசக்கினான். அவன் வலது கையில் இரண்டு விரல் இல்லை.

யுவஸ்ரீ அந்தக் கையைப் பார்த்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டாள். அவ்வளவுதான், கதவு சாத்தியதுபோல முகம் மூடிக்கொண்டது.

ராஜசேகர் இரண்டே எட்டில் படியேறினான். "பாப்பா, இங்க பாரு. நான் முழிச்சிட்டேன். இனிமே இன்னிக்குத் தூங்கப்போறதில்ல. திங்கக்கெழம எத வாசிக்கணும்?"

மேகலா உள்ளே ஓடிப் புத்தகத்தை எடுத்துவந்தாள். யுவஸ்ரீ பக்கத்தைப் பிரித்தாள். உதடு அசைந்தது.

"கேக்கல."

கொஞ்சம் அசைந்தது.

"கேக்கல பாப்பா." அவன் படியிறங்கினான். "இங்க நிக்கிறேன். இப்ப வாசி."

"எங்கள் ஊரில்..."

"கேக்கல." அவன் குழாயடிக்குப் போனான்.

"எங்கள் ஊரில் ஒரு குளம்..."

திம்மப்பன் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கேட்டைத் தாண்டி உள்ளே வந்தார். "ஏனம்மா சுகுணா, ஏன் இது? நான் என்ன சொன்னேன்? நாளையிலேர்ந்து மாடி இல்ல, ஆமா!"

"சரிங்கண்ணா" என்றாள் சுகுணா, அவர் பக்கம் திரும்பாமல்.

"நான் இங்க கத்துறேன், யாரும் என்னைப் பாக்கறதே இல்லையே! இந்த மனைக்கு ஓனரு நானா, அந்தக் கூசா, அந்தச் சின்னப் பொண்ணா?"

ராஜசேகர் அவரையும் தாண்டிப் போய்க் கேட்டருகில் நின்றான். இரண்டு நாள் தாடி, உப்பிய கண். நிற்கும்போதே உடம்பு லேசாகச் சாய்ந்து நிமிர்ந்தது. சுகுணா அதைக் கவனித்தாள்.

"ராத்திரி எப்பிடி நிக்கப்போறீங்க?" என்றாள்.

"தெரியல." அவன் மகளையே பார்த்துக்கொண்டிருந்தான். "கேக்கல பாப்பா!"

"எங்கள் ஊரில் ஒரு குளம் உண்டு!"

"டேய், எனக்கே கேக்குது, உனக்குக் கேக்கலயா?" என்றான் சிவராஜ்.

"நீ சும்மா இருய்யா" என்று சொல்லிவிட்டு ராஜசேகர் கேட்டைத் திறந்து ரோட்டுக்கே போய்விட்டான். கம்பெனி பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு அவனை ஒட்டிப் போனது. புழுதிக்குள்ளிருந்து அவன் கையைக் காதில் வைத்துக் காட்டினான்.

யுவஸ்ரீ படியிலிருந்து குதித்து இறங்கி ஓடினாள். கேட்டுக் கம்பியைப் பிடித்து ஏறி நின்று, புத்தகத்தைப் பார்க்காமலே, அழுகையும் கோபமுமாகக் கத்தினாள்.

"குளத்தில் தண்ணீர் நிறைய உண்டு! கேக்குதாப்பா? ஓரமா நில்லு! பஸ் வருது, ஓரமா நில்லு!"