எதிரி நாட்டு பிஸ்கட்

போர் தொடங்கிச் சில வாரங்கள் ஆகியிருந்தபோது, நகரமன்றக் கூட்டத்தில் ஓர் உறுப்பினர் எழுந்து, சதுக்கத்தில் பலகை பிடித்துக்கொண்டு போர் வேண்டாம் என்று நிற்கிற கூட்டம் எதிரி நாட்டு பிஸ்கட்டுக்கு விலைபோன கூட்டம் என்று சொன்னார். அவர் சொல்லி வாய் மூடுவதற்குள் சதுக்கத்தில் நின்றவர்களின் பைகளிலெல்லாம் பிஸ்கட் இருந்தது. மெத்தை தைக்கிற பெண் ஒருத்தி, இடுப்பில் கட்டியிருந்த ஊசிப் பைக்குள் கையை விட்டவள், ஊசிக்குப் பதில் ஒரு பொட்டலத்தை எடுத்தாள். உறையில் எதிரி நாட்டு எழுத்து. உள்ளே கிரீம் வைத்த வட்ட பிஸ்கட். மொறுமொறுப்பில் குறை சொல்ல முடியாது. எடுக்க எடுக்க வந்துகொண்டே இருந்ததால் அந்த வாரம் ஊர்க் கடைகளில் பிஸ்கட் விலை பாதியாகக் குறைந்தது. டீத்தூள் விலை கொஞ்சம் ஏறியது.

அந்தப் பெண்ணை ஊரில் மெத்தையம்மா என்பார்கள். சதுக்கத்துக்குப் பின்தெருவில், எந்நேரமும் பஞ்சு பறக்கிற ஒற்றை அறைதான் அவளுக்குக் கடையும் வீடும். கணவர் காலமாகிவிட்டார், ஒரே மகன். பிறந்ததிலிருந்து மெத்தைகளுக்கு நடுவில் வளர்ந்ததால் அவனுக்கு உட்கார்ந்தால் தூக்கம், சாய்ந்தால் குறட்டை. ஊர் அவனைத் தூங்குமூஞ்சி என்றே கூப்பிட்டது. பெரும்பாலும் தூக்கத்தில் இருந்ததால் அவன் கோபித்துக்கொண்டதில்லை. போர் வந்ததும் அந்த வயதுப் பையன்களையெல்லாம் லாரியில் ஏற்றி எல்லைக்கு அனுப்பினார்கள். லாரி தெரு முனை திரும்புவதற்குள் அவன் பக்கத்துப் பையன் தோளில் தலையைச் சாய்த்துத் தூங்கிவிட்டான். குண்டு விழுந்தாலும் இவனை யார் எழுப்புவார்கள் என்ற கவலையோடு அவள் வீடு திரும்பினாள். மறுநாள் காலையில், அந்தப் பையன்களுக்கெல்லாம் பள்ளிக்கூடத்தில் அணிநடை சொல்லிக்கொடுத்த டிரில் மாஸ்டர், 'பிள்ளைகளைத் திருப்பிக் கூப்பிடுங்கள்' என்று எழுதிய பலகையோடு சதுக்கத்தில் தனியாக நின்றார். அவள் கடையைச் சாத்திவிட்டுப் போய் அவர் பக்கத்தில் நின்றாள். பிறகு பல் டாக்டர் வந்தார். பிறகு பலரும் வந்தார்கள். எல்லாருமாகச் சேர்ந்து நகரமன்றத்துக்கு ஒரு மனுவும் கொடுத்தார்கள்: நம் ஊர்ப் பிள்ளைகளைத் திருப்பி அனுப்பச் சொல்லி மன்றம் தலைநகரத்தைக் கேட்க வேண்டும்.

மனுவைப் படிப்பதற்கு முன்னால், அதைக் கொடுத்தவர்களின் நோக்கம் என்ன என்று தெரிய வேண்டாமா என்று மன்றத்தில் ஒருவர் கேட்டார். கேள்வி எல்லாருக்கும் பிடித்துப்போயிற்று. மனு மேசையில் கிடக்க, நோக்கத்தைப் பற்றிய விவாதம் வாரக்கணக்கில் நடந்தது. சதுக்கம் மன்றத்தின் வாசலிலேயேதான் இருந்தது. ஜன்னலைத் திறந்து கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். ஆனால் அந்த மன்றத்தில் ஒரு விதி உண்டு: யாரைப் பற்றி விவாதமோ அவரைக் கூப்பிட்டுக் கேட்கக் கூடாது. முன்னொரு காலத்தில் ஒரு சாக்கடை விவகாரத்தில், சாக்கடைக்கு எதிர்வீட்டுக்காரரைக் கருத்துச் சொல்ல அழைத்தார்களாம். அவர் தம் கல்யாணத்திலிருந்து ஆரம்பித்து, சாக்கடைக்கு வந்து சேர்வதற்குள் அடுத்த தேர்தல் வந்துவிட்டதாம். அதற்குப் பிறகு போட்ட விதி அது. ஆகையால் உறுப்பினர்கள் தாங்களே யோசித்து நோக்கங்களைச் சொன்னார்கள். அவர்கள் சொல்லச் சொல்ல, சொன்னதெல்லாம் வெளியே நின்றவர்கள் மேல் வந்து ஒட்டிக்கொண்டது.

பிஸ்கட் என்று முதலில் சொன்னவர் ஒலிபெருக்கிக் கடைக்காரர். ஒலிபெருக்கி இல்லாமலே அடுத்த தெருவுக்குக் கேட்கிற குரல் என்பதால் ஊர் அவரை இடி என்றது. அவர் மெத்தையம்மாவின் கூடப்பிறந்த அண்ணன். பிஸ்கட்டுக்கு அடுத்த கூட்டத்தில், இவர்களெல்லாம் முயல்களைப் போலப் பயந்தாங்கொள்ளிகள் என்று அவர் முழங்க, சதுக்கத்தில் நின்றவர்களுக்கு நீளமாகச் சாம்பல் நிறத்தில் காது முளைத்தது. எதிர்வரிசையில் ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர் இருந்தார். வாயைத் திறந்தால் வாசனையாகத்தான் பேசுவார் என்பதால் அவருக்குப் பன்னீர் என்று பேர். அவர் எழுந்து, சுயநலம் என்ற சொல்லே அறியாத மகான்கள் இவர்கள் என்று சொல்லி உட்காருவதற்குள், முயல் காதுகளுக்குப் பின்னால் ஆளுக்கொரு ஒளிவட்டம் வந்து நின்றது. பேப்பரில் படம் வரவேண்டும் என்று அலைகிறவர்கள் என்று மூன்றாவதாக ஒருவர் சொன்னார். அன்று மாலை எல்லாரும் வீட்டுக்குப் போய்ப் பார்த்தால், சுவர் தெரியாமல் அவரவர் படமே சட்டம் போட்டு மாட்டியிருந்தது. தூசி தட்டுவதே பெரிய வேலையாகிவிட்டது. பல் டாக்டர் மட்டும் குறை சொல்லவில்லை. ஒளிவட்டத்தின் வெளிச்சத்தில் கடைவாய்ப் பல்லின் சொத்தைகூடத் துல்லியமாகத் தெரிகிறது, விளக்கு வாங்கிய செலவுதான் வீண் என்றார்.

மெத்தையம்மா பிஸ்கட்டை அக்கம்பக்கத்தாருக்குக் கொடுத்தாள். காதுகளைத் தலைத்துணிக்குள் மடித்துக் கட்டிக்கொண்டாள். ஒளிவட்டம்தான் அவளைப் படுத்தியது. போர்வையால் மூடினாலும் மூடியதற்கு மேல் நின்று எரிந்தது; ஊரில் உள்ள பூச்சியெல்லாம் அவள் தலையைச் சுற்றியது. அன்று காலையில்தான் பஞ்சு வியாபாரியை வாய்க்கு வந்தபடி திட்டியிருந்தாள். சாயங்காலம் கடவுள் முன்னால் முட்டி போட்டபோது அவளுக்கு வெட்கமாக இருந்தது. சுயநலம் அறியாதவள் என்கிறார்களே, நான் என் பிள்ளைக்காக நிற்கிறவள்தானே, கேட்காமல் கொடுத்த இந்த வெளிச்சத்தை நீயே வைத்துக்கொள், என் பிள்ளையைக் கொடு என்று வேண்டினாள். எல்லையிலிருந்து ஒரு சேதியும் இல்லை. அண்ணனோ தினமும் சதுக்கத்தைத் தாண்டும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பது அவளுக்குத் தெரியும். ஆனால் அது ஊர் வாயில்லை, ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்த வாய்.

அப்படியே குளிர்காலம் வந்தது. ஒருநாள் இடியின் குரல் மன்றத்தின் சுவரைத் தாண்டி வரவில்லை. மதிய இடைவேளையில் அவர் படிக்கட்டில் வந்து உட்கார்ந்து தொண்டையைத் தடவிக்கொண்டிருந்தார். கடைசி பெஞ்சுக்காரர்கள் சத்தமாக, சத்தமாக என்று கத்தும் அளவுக்குத் தொண்டை கட்டிப்போயிருந்தது. மெத்தையம்மா அதைப் பார்த்தாள். சின்ன வயதிலும் குளிர் வந்தால் அண்ணனுக்கு முதலில் போவது தொண்டைதான். அவள் வீட்டுக்குப் போய் வெந்நீர் வைத்து, உப்புப் போட்டு, ஃபிளாஸ்க்கில் ஊற்றி, ஒரு டம்ளரையும் எடுத்துக்கொண்டு, காதும் ஒளிவட்டமுமாகச் சதுக்கத்தைக் கடந்து படியேறினாள். நின்றவர்கள் எல்லாரும் பார்த்தார்கள். ஜன்னலில் உறுப்பினர்களும் பார்த்தார்கள்.

"குடிண்ணே. உப்பு போட்டிருக்கு."

அவர் டம்ளரையும் தங்கையையும் மாறி மாறிப் பார்த்தார். "எதிரி வீட்டுத் தண்ணியா?" குரல் காற்றாகத்தான் வந்தது.

"நம்ம வீட்டுக் குழாய்த் தண்ணிதான். பிஸ்கட்டுதான் அவங்களது. அதுவும் நீ வாங்கிக் கொடுத்தது. வேணுமா?"

அவர் ஒரு மடக்குக் குடித்தார். பிறகு கையை நீட்டினார். அவள் ஊசிப் பையிலிருந்து ஒரு பிஸ்கட்டை எடுத்துக் கொடுத்தாள். கடித்துவிட்டு, நல்லாத்தான் பண்றானுங்க என்று முணுமுணுத்தார். தூங்குமூஞ்சியிடமிருந்து சேதி வந்ததா என்று கேட்டார். வரவில்லை என்றாள். அதற்குப் பின், இத்தனை வாரமாக யாரும் யாரிடமும் கேட்காததை அவர் கேட்டார்.

"ஏம்மா, நீ எதுக்கு அங்க போய் நிக்கிற?"

அது மன்றத்துக்கு வெளியே இருந்த படிக்கட்டு. விதி வாசற்படியோடு முடிந்திருந்தது.

"உன் மருமகனுக்காகத்தான். மறைக்கிறதுக்கு என்ன இருக்கு? முதல்ல அவன் ஒருத்தனுக்காகத்தான் நின்னேன். பக்கத்துல நின்னவங்க அவங்கவங்க பிள்ளை பேரைச் சொன்னாங்க. காதுல விழுந்ததை விட்டுட்டு எப்படிக் கும்பிடறது? அதையும் சேர்த்துக்கிட்டேன். இப்ப கும்பிட்டு எந்திரிக்கவே ரொம்ப நேரம் ஆகுதுண்ணே, முட்டி விட்டுப்போகுது. எல்லைக்கு அந்தப் பக்கத்துப் பையனுங்க பேருதான் தெரியல. அதனால கடைசியில 'மத்த பிள்ளைங்களும்'னு சொல்லி முடிச்சுக்கறேன். அவ்வளவுதான்."

இடி மிச்சத் தண்ணீரைக் குடித்தார். வாழ்நாளில் தாம் குடித்த டம்ளரைத் தாமே கழுவி அறியாதவர், அன்று அதை வாசல் குழாயில் அலசி, உதறி, தங்கை கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனார். தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். தலைவர் மணியடித்ததும் அவர் எழுந்தார். தொண்டை இன்னும் திறக்கவில்லை. அவர் குரலை அவ்வளவு சின்னதாக யாரும் கேட்டதில்லை என்பதால், மன்றம் அன்றுதான் முதல்முறையாக அமைதியாக இருந்தது.

"இவங்க நோக்கம் இவங்க பிள்ளைங்க," என்றார். "அந்தப் பக்கத்துல நிக்கிற மத்த பிள்ளைங்களும். வேற ஒண்ணும் இல்ல."

பேராசிரியர் பன்னீர் உடனே எழுந்து, இவ்வளவு பெரிய இயக்கத்துக்கு இவ்வளவு சின்ன நோக்கம் இருக்க முடியாது என்று ஆட்சேபித்தார். அவர் ஆட்சேபித்துக்கொண்டிருக்கும்போதே வெளியில் சத்தம் கேட்டு, கட்டடம் கட்டிய நாளிலிருந்து திறக்காத ஜன்னலைத் திறந்தார்கள்.

சதுக்கத்தில் பிள்ளைகள் நின்றார்கள். டிரில் மாஸ்டரைச் சுற்றி அவருடைய பழைய மாணவர்கள். பல் டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டு, இரண்டு பல் போயிருந்த அவர் மகன். சதுக்கம் நிறைந்து, தெருக்கள் நிறைந்து, மீதிப் பேர் ரயில் நிலையத்துப் பக்கம் நின்றார்கள். பாதிப் பேர் எதிரி நாட்டு உடுப்பில் இருந்தார்கள். ஒருவன் முகத்தில் பாதி சவர நுரை. இன்னொருவன் கையில் சீட்டு, அதுவும் ஜெயிக்கிற சீட்டு, அதனால் அவன் ஒருவன் மட்டும் கொஞ்சம் வருத்தமாக இருந்தான். என்ன செய்வதென்று தெரியாத டிரில் மாஸ்டர், பழக்கத்தில், வரிசையில் நில் என்று சொல்ல, இரண்டு உடுப்பும் கலந்து ஒரே வரிசையாக நின்றார்கள். மெத்தையம்மாவின் காலடியில், கல் தரையில், தலைக்குக் கையை வைத்துக்கொண்டு ஒருவன் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். அவள் உட்கார்ந்து அவன் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். எழுப்பவில்லை.

அதன் பின் போர் சில வாரங்கள் ஆளில்லாமல் நடந்தது. இருபக்கத்துத் தளபதிகளும் ஃபோனில் உத்தரவு போட்டுப் பார்த்தார்கள், மணியடித்துக்கொண்டே இருந்தது, எடுக்க ஆளில்லை. கடைசியில் அவர்களுக்கும் குளிர் தாங்காமல் வீட்டுக்குப் போய்விட்டார்கள். நகரமன்றம் மனுவைக் கையிலெடுத்துப் படித்து, பிள்ளைகள் ஏற்கெனவே வந்துவிட்டதால் மனு தேவையற்றது என்று ஒருமனதாகத் தள்ளியது. அத்தனை பேருக்கும் படுக்க இடம் வேண்டுமே என்று உடனே அடுத்த பேச்சு வந்தது. பஞ்சு விலை மூன்று மடங்கு ஏறியது. பஞ்சு வியாபாரி, தம்மைத் திட்டியவள் என்று பார்க்காமல், மெத்தையம்மாவுக்கு மட்டும் பழைய விலைக்கே கொடுத்தார். தூங்குமூஞ்சி ஒவ்வொரு மெத்தையிலும் படுத்துப் பார்த்து, சரியாக இருக்கிறது என்று குறட்டையால் சொன்னான். பனி உருகிப் பாதை திறந்ததும் எதிர்ப்பக்கத்துப் பையன்கள் மெத்தையைச் சுருட்டித் தோளில் வைத்துக்கொண்டு பாலம் கடந்து அவரவர் வீட்டுக்குப் போனார்கள். போகுமுன் ஒவ்வொருவனும் கடையில் நுழைந்து பேரைச் சொல்லிவிட்டுப் போனான்.

மன்றத்தில் பேசியதைத் திரும்பப் பெறும் வழக்கம் கிடையாது என்பதால் சொன்னவையெல்லாம் அப்படியே இருக்கின்றன. மெத்தை வாங்க வருகிறவர்களுக்கு இன்றும் ஊசிப் பையிலிருந்து ஆளுக்கொரு பொட்டலம் கிடைக்கும். காதுகள் குளிருக்கு அடக்கமாக இருக்கின்றன. ஒளிவட்டத்தைப் பற்றி அவள் கடவுளிடம் முறையிடுவதை விட்டுவிட்டாள். இருட்டிய பிறகும் ஊசியில் நூல் கோக்க உதவுகிறது. 'மத்த பிள்ளைங்களும்' என்று இப்போது முடிக்க முடிவதில்லை. எல்லாப் பேரும் தெரிந்துவிட்டதால் வேண்டுதல் முன்னைவிட நீண்டுவிட்டது. அதைக் கேள்விப்பட்ட அண்ணன், கடையில் மிஞ்சிய துணியையும் பஞ்சையும் எடுத்துப் போய், முட்டிக்கு வைத்துக்கொள்ள ஒரு சின்ன மெத்தையைத் தம் கையாலேயே தைத்துக் கொண்டுவந்தார். ஒரு பக்கம் மேடு, ஒரு பக்கம் பள்ளம். மூலையில் பஞ்சு பிதுங்குகிறது. ஊரிலேயே நல்ல மெத்தை தைக்கிறவள் அதன் மேல்தான் தினமும் முட்டி போடுகிறாள். அந்த மூலையை மட்டும் அவள் இன்னும் தைக்கவில்லை.