வாரத்துக்கு ஒரு லிட்டர்

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கே தேனி ரோட்டு பெட்ரோல் பங்கில் வெயில் உறைத்தது. சூரியபிரகாஷ் காரை விட்டு இறங்கி, எப்போதும் நிற்கிற இரண்டாவது பம்ப்புக்குப் பக்கத்தில் கைகட்டி நின்றான். குழாய் தானாகத் துண்டித்துக்கொண்டதும் போதும் என்று கையைக் காட்டினான்.

“சார், ரவுண்டா போட்டுறவா?”

“வேணாம்ப்பா. ஒரு சொட்டுக் கூடப் போட்டாலும் கணக்கு உதைக்கும்.”

முன் இருக்கையில் உட்கார்ந்திருந்த சுபலட்சுமி கண்ணாடி வழியே ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் உள்ளே வந்து, ஓடிய கிலோமீட்டரை லிட்டரால் வகுத்து, சின்ன நோட்டில் எழுதினான். நான்கு வருடமாக எழுதுகிற நோட்டு.

“இருபத்தொண்ணு புள்ளி மூணு. நாலு மாசமா இப்படித்தான் அடிக்குது. முன்ன இருபத்திநாலுக்குக் கீழ வந்ததே இல்ல சுபா.”

“ம்.”

“டயர்ல காத்து சரியா இருக்கு. சர்வீஸ் பண்ணியாச்சு. எத்தனால் கலக்குறதால கொஞ்சம் குறையும், ஒத்துக்கிறேன். அதுக்காக இம்புட்டா?”

அந்தப் பெட்ரோல் எங்கே போகிறது என்று அவளுக்குத் தெரியும். அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

ஜனவரியில் ஒரு சாயங்காலம் அது ஆரம்பித்தது. கே.கே. நகரில் காது பரிசோதனை நிலையத்தில் வேலை முடிந்து, ஊரை முழுக்கக் கடந்து, நாகமலை புதுக்கோட்டையில் திரும்பி, கீழக்குயில்குடி ரோட்டில் வந்துகொண்டிருந்தாள். வீட்டுக்கு ஒரு கிலோமீட்டர்கூட இல்லை. கோயம்புத்தூர் ஹாஸ்டலிலிருந்து மகன் கூப்பிட்டான். பிளாட் போட்டு, கல் நட்டு, யாரும் வாங்காமல் கிடந்த பொட்டலில் காரை இறக்கி நிறுத்திப் பேசினாள். பேசி முடித்த பிறகும் கிளம்பத் தோன்றவில்லை. பெட்ரோலும் பேட்டரியும் மாறி மாறி ஓட்டுகிற, நின்ற இடத்தில் எஞ்சின் தானே அணைந்துவிடுகிற ஹைபிரிட் வண்டி அது. பேட்டரியில் ஏசி மட்டும் மெல்ல மூச்சுவிட்டுக்கொண்டிருந்தது. எதிரே சமணர் மலையின் பாறை, வெயில் இறங்க இறங்க மஞ்சளிலிருந்து சாம்பலுக்குப் போய்க்கொண்டிருந்தது. அவள் அதையும் பார்த்ததாகச் சொல்ல முடியாது. கண் அந்தப் பக்கம் இருந்தது, அவ்வளவுதான். கடிகாரத்தைப் பார்த்தபோது அரை மணி நேரம் போயிருந்தது.

மறுநாளும் வண்டி அங்கே நின்றது. அதற்கு மறுநாளும்.

பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை பேட்டரி இறங்கி, யாரும் தொடாமலே எஞ்சின் உறுமிக் கிளம்பும். கொஞ்ச நேரம் ஓடி மின்சாரத்தைச் சேர்த்துவைத்துவிட்டு மறுபடி அடங்கும். அந்த உறுமலில்தான் பெட்ரோல் போகிறது. ஒரு கிலோமீட்டரும் ஓடாமல் குடிக்கிற பெட்ரோல்.

பதினேழு வருடமாக அவளுக்கு அதே வேலை. சத்தம் புகாத கண்ணாடி அறைக்குள் நோயாளி உட்கார்ந்திருப்பார். வெளியே இயந்திரத்தின் முன்னால் இவள். அமைதியெல்லாம் உள்ளே இருப்பவருக்கு. இவளுக்கு வரவேற்பறையின் டோக்கன் சத்தமும், “அய்யா, இப்பக் கேக்குதா? கேட்டா பட்டன அமுக்குங்க” என்று நாளுக்கு முப்பது பேரிடம் போடுகிற கூச்சலும்தான். வீட்டுக்கு வந்தால் மாமியார் சோலையம்மாளின் டிவி. கேட்டைத் திறக்கும்போதே சீரியலில் யார் அழுகிறார்கள் என்று தெரிந்துவிடும். மருமகள் கொண்டுவந்து கொடுத்த காது மிஷின் பிரிக்காத பெட்டியில் பீரோவுக்குள் இருந்தது. “எனக்கென்ன, நான் செவிடா?” என்று ஒரே வார்த்தையில் சோலையம்மாள் அதை மூடிவிட்டாள். மூன்று பேர் இருக்கிற வீட்டில் உப்பு வேண்டும் என்பதைக்கூடக் கத்தித்தான் சொல்ல வேண்டும்.

ஆனால் இதனாலெல்லாம்தான் பொட்டலில் நிற்கிறாளா என்று கேட்டால் ஆமாம் என்று சொல்ல அவளுக்கு வாய் வராது. மாமியார் நல்லவள். புருஷன் குடிக்காதவன், பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் வாத்தியார், சம்பளத்தைக் கொண்டுவந்து மேசையில் வைக்கிறவன். காரணம் என்று எதைச் சொன்னாலும் யாரையோ குற்றம் சொன்னதாக ஆகிவிடும். காரணமே இல்லாத ஒன்றை எப்படிச் சொல்வது? அதனால் தாமதத்துக்கு டிராபிக் என்று சொன்னாள். காளவாசலில் சிக்னல், பழங்காநத்தத்தில் பள்ளம் தோண்டியிருக்கிறார்கள். மதுரையில் அந்தப் பொய்யை யாரும் சந்தேகப்படுவதில்லை.

மைலேஜ் இறங்குவதைப் புருஷன் கவனிக்கத் தொடங்கியதும் ஒரு நாள் வண்டியை முழுக்க அணைத்துவிட்டு, கண்ணாடியை இறக்கிவைத்துப் பார்த்தாள். ஐந்து நிமிடத்தில் ஆடு ஓட்டிவந்த பேயாண்டி ஜன்னலில் தலையை நீட்டினார்.

“என்ன தாயி, வண்டி மக்கர் பண்ணுதா?”

“இல்லண்ணே. சும்மா நிக்கிறேன்.”

“சும்மா எதுக்கு இந்தப் பொட்டல்ல நிக்கணும்? இருங்க, நம்ம மருமயன் மெக்கானிக்குதான். ஒரு போனப் போட்டா ஓடியாந்துருவான்.”

வேண்டாம் வேண்டாம் என்று சொல்லி முடிப்பதற்குள் இன்னும் இரண்டு பேர் வண்டியை நிறுத்திவிட்டார்கள். கண்ணாடி ஏறியிருந்து உள்ளே ஏசி ஓடினால் ஒருவரும் கேட்பதில்லை. மறுநாளிலிருந்து ஏசியையே போட்டுக்கொண்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பங்கிலிருந்து திரும்பியபோது வாசலில் சுபலட்சுமியின் தம்பி அழகுபாண்டியின் கார் நின்றிருந்தது. திராட்சை யாவாரம் பண்ணுகிறவன். பழைய வண்டியை மாற்ற வேண்டும், ஹைபிரிட் எடுப்பதா டீசலே எடுப்பதா என்று ஒரு மாதமாக மாமாவைக் குடைந்துகொண்டிருந்தான். வந்ததும் நோட்டைத்தான் எடுத்துப் புரட்டினான்.

“என்ன மாமா, இருபத்தொண்ணுங்கிறீங்க? என் ஓட்ட டீசல் வண்டியே இருபது குடுக்குது. ஒரு புள்ளிக்காகவா எஞ்சினும் வச்சு மோட்டாரும் வச்சு அம்புட்டு வெல போட்டு வாங்குனீங்க?”

“மாப்ள, ஊருக்குள்ள நின்னு நின்னு போற வண்டிக்கு ஹைபிரிட்ட அடிச்சுக்க ஆளே இல்ல. நம்ம வண்டியில ஏதோ கோளாறு.”

“இப்படித்தான் போன மாசமும் சொன்னீங்க. பேசாம ஆக்கர் கடையில எடைக்குப் போட்டுட்டு பஸ் பாஸ் எடுங்க.”

சோலையம்மாள் உள்ளேயிருந்து, “என்ன, பஸ்ஸுல யாரு வாரா?” என்று கத்தினாள். அழகுபாண்டி விழுந்து விழுந்து சிரித்தான். சூரியபிரகாஷ் சிரிக்கவில்லை.

“பாலிடெக்னிக் லீவுதான். ஒரு வாரம் நானே உங்கக்காவக் கொண்டுபோய் விட்டுக் கூட்டிட்டு வாரேன். நம்பர என்னன்னு பாத்துருவோம்.”

சட்னி அரைத்துக்கொண்டிருந்த சுபலட்சுமி மிக்சியை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அந்த வாரம் பொட்டலைத் தாண்டும்போது கார் வேகம்கூடக் குறையவில்லை. அவன் பேசிக்கொண்டே ஓட்டினான். தூரத்திலேயே காலை எடுத்துவிட வேண்டும், பிரேக்கில் பேட்டரி ஏறும் பார், திரையில் பச்சை வருகிறது பார். அவள் பார்த்தாள். ஆறு மணி இருபதுக்கெல்லாம் வீட்டில் இருந்தாள். புதன்கிழமை இட்லி மாவைக் கரைக்கும்போது காரணமில்லாமல் கண்ணில் நீர் வந்தது. வெங்காயம்கூட நறுக்கவில்லை.

மறு ஞாயிறு பங்கில் வகுத்துப் பார்த்தபோது இருபத்திநான்கு புள்ளி இரண்டு. சூரியபிரகாஷுக்கு முகம் மலர்ந்துவிட்டது. அங்கேயே நின்று மச்சினனுக்குப் போன் போட்டான்.

“வண்டி கெத்தா இருக்கு மாப்ள. கோளாறு டிரைவர்லதான்.” ஸ்பீக்கரில் அழகுபாண்டியின் சிரிப்பு கேட்டது. “அக்கா, ஆக்சிலேட்டர அம்மிக்கல்லுனு நெனச்சு அமுக்குறியா?”

“ஆமாடா” என்றாள் சுபலட்சுமி. “எனக்கு அம்புட்டுதான் ஓட்ட வருது.”

சொல்லும்போது அவளுக்கு அவமானமாக இல்லை. பதினெட்டு வயதில் டிராக்டரே ஓட்டியவள். இந்த ஒரு பழியோடு விஷயம் முடிந்துவிட்டால் போதும் என்றிருந்தது. திங்கட்கிழமை தனியாகக் கிளம்பினாள். சாயங்காலம் பொட்டலில் கார் நின்றபோது இருக்கையைக் கொஞ்சம் சாய்த்துவைத்துக்கொண்டு, ஒரு வாரப் பாக்கியையும் சேர்த்து முக்கால் மணி நேரம் கிடந்தாள்.

வெள்ளிக்கிழமை ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் சூரியபிரகாஷ் காரில் போய் உட்கார்ந்து திரையைப் பார்த்துவிட்டு வந்தான். அடுப்படி வாசலில் நின்றான். முன்னறையில் டிவி அலறிக்கொண்டிருந்தது. அவன் மட்டும் குரலைத் தாழ்த்திப் பேசினான். எல்லோரும் கத்துகிற அந்த வீட்டில், அவன் அப்படிப் பேசி அவள் கேட்டே பல வருடம் ஆகியிருந்தது. அதிலேயே அவளுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது.

“நான் ஓட்டுன வாரம் சராசரி வேகம் இருபத்திரண்டு. இந்த வாரம் பதினேழு. ரோடு அதே ரோடுதான். வண்டி எங்கயோ நிக்குது சுபா.”

அவள் அடுப்பைத் தணித்தாள்.

“ஆமா. நம்ம ரோட்லதான். பிளாட் போட்டுக் கெடக்குல்ல, அங்க.”

“யாரும் வாராங்களா அங்க?”

கேட்டுவிட்டு அவனே கண்ணைத் தாழ்த்திக்கொண்டான். கோபப்படலாம் என்று அவளுக்குத் தோன்றியது. அதற்குக்கூடத் தெம்பு இல்லை.

“பேயாண்டி அண்ணன் ஆடு வரும்.”

“வெளையாடாத.”

“வெளையாடலங்க. ஏசியப் போட்டுட்டு உக்காந்திருப்பேன். ஒரு அரை மணி. அப்புறம் வந்துருவேன்.”

“உக்காந்து?”

“ஒண்ணுமில்ல. சும்மா.”

“போன் பாப்பியா? தூங்குவியா?”

“இல்ல.”

“வீட்டுக்கு வர அம்புட்டு அலுப்பா இருக்கா சுபா?”

அவளிடம் காது சோதிக்க வருகிறவர்கள் சிலர் ஒலி கேட்காதபோதும் பட்டனை அமுக்குவார்கள். கேட்கவில்லை என்று சொல்ல அவர்களுக்குப் பயம். இல்லை என்று சொல்லிவிட அவளுக்கும் வாய் வரைக்கும் வந்தது. இல்லை என்றால் பொய். ஆமாம் என்றாலும் முழு உண்மையில்லை. குழம்பு ஓரத்தில் மெல்லக் குமிழிவிடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“தெரியலங்க. எனக்கே சொல்லத் தெரியல.”

அவன் வேறு எதைச் செய்வதென்று தெரியாதவன் போலச் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, காலண்டர் ஓரத்தில் கணக்குப் போட்டான்.

“அரை மணிக்கு எரநூறு மில்லி. அஞ்சு நாளைக்கு… வாரத்துக்கு ஒரு லிட்டர்.” வகுத்துப் பார்த்தான். “இருபத்தொண்ணு புள்ளி மூணு. சரியா வருது.”

கணக்குச் சரியானதில் வருகிற வழக்கமான வெளிச்சம் அவன் முகத்தில் வரவில்லை. பேனாவை மூடிவிட்டு, தட்டை எடுத்துவைக்கப் போனான். சனிக்கிழமை முழுவதும் அந்தப் பேச்சை இருவரும் எடுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அழகுபாண்டி வந்தான். திங்கட்கிழமை புது வண்டிக்கு அட்வான்ஸ் கட்டப்போகிறானாம். இலையில் சோறு விழுவதற்குள் ஆரம்பித்துவிட்டான்.

“மாமா, முடிவாச் சொல்லுங்க. ஹைபிரிட்டா டீசலா? அக்கா இன்னும் அம்மிக்கல்லு மிதிதானா?”

ரசச்சட்டியோடு வந்த சுபலட்சுமி நின்றாள். இனி இது வீட்டுக் கதையாகிவிடும். தம்பி, தம்பி பெண்டாட்டி, ஊரில் இருக்கிற அத்தை என்று போகும். வீட்டுக்கு வராமல் காட்டில் காரைப் போட்டு உட்கார்ந்திருக்கிறாளாம். பிறகு அங்கே எப்படி உட்கார?

சூரியபிரகாஷ் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னான்.

“உங்கக்கா ஓட்டுறதுல ஒரு குறையும் இல்ல மாப்ள. வண்டிதான் இறங்கிருச்சு. இருபத்தொண்ணுதான் குடுக்குது.”

“போன வாரம் இருபத்திநாலுன்னீங்க?”

“அது… நான் வகுத்ததுல தப்பு.”

அழகுபாண்டி கையை உதறிக்கொண்டு நிமிர்ந்தான். “நீங்களா? கணக்குலயா?”

“ஏன், எனக்கு வரக்கூடாதா? நீ தெனம் கம்பத்துக்கும் மதுரைக்கும் ஹைவேயில ஓடுறவன். உனக்கு ஹைபிரிட்டால பெருசா லாபமில்ல. டீசலே எடு.”

“ஒத்துக்கிட்டாருப்பா” என்று அழகுபாண்டி முன்னறையைப் பார்த்துக் கத்தினான். “அத்தே, உங்க மகன் தோத்துட்டாரு.”

“என்ன, மோர் வேணுமா?” என்றாள் சோலையம்மாள்.

அவன் கிளம்பிப்போன பிறகு சூரியபிரகாஷ் கொல்லைக் குழாயில் கை கழுவிக்கொண்டிருந்தான். சுபலட்சுமி துண்டோடு பக்கத்தில் போய் நின்றாள்.

“எதுக்கு அப்படிச் சொன்னீங்க?”

“வேற என்னத்தச் சொல்ல?”

பெண்டாட்டி தன் வீட்டுக்கு வரவே அரை மணி யோசிக்கிறாள் என்று மச்சினனிடம் சொல்லக் கூச்சப்பட்டானா, இல்லை அவளுக்காகத்தான் சொன்னானா? இரண்டும் இருக்கும் என்று பட்டது. பிரித்துப் பார்க்க அவளுக்கு அலுப்பாக இருந்தது. அவன் துண்டை வாங்கி விரல் விரலாகத் துடைத்துக்கொண்டான்.

“நாளைக்கு எத்தன மணிக்கு வருவ?”

“ஏழாகும்” என்றாள்.

அவன் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனான்.